மிளகாயின் உருவம் விதையில் உள்ளது

தீவகப் பகுதிக் கமக்காரருக்கான விளக்கக் குறிப்பு



வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு முதலிய தீவகக் கிராமங்களில் மாரி மழையை நம்பிக் காலபோக நெல்லும், அதன்பின் கிணற்று நீரை நம்பித் தோட்டப் பயிர்களும் செய்யப்பட்டு வருகின்றன. இத்தோட்டப் பயிர்களுள் கைக்குப் பணம் தருவது மிளகாய் ஆகும். 1970 ஆம் ஆண்டின் பின் வெளிநாட்டு மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணக் கமக்காரர் இப்பயிரால் தலை நிமிர்ந்ததையும், 1977 இன் பின் இறக்குமதிக்கு வழி திறக்கப்பட்டபோது விலை வீழ்ந்து பலர் இடர்ப்பட்டதையும் முதியோர் நன்கு அறிவர். சந்தை விலை நமது கையில் இல்லை. ஆயினும் சந்தைக்குக் கொண்டு செல்லும் காய் ஒரே அளவினதாயும் ஒரே உருவினதாயும் இருக்கச் செய்வது நமது கையில் உள்ளது. கலப்பான குவியலுக்கு வியாபாரி முதலில் விலையைக் குறைக்கிறான் என்பதை எல்லோரும் அனுபவத்தில் கண்டிருப்பீர்கள்.

காயின் உருவத்தை நிச்சயிப்பது எது? பசளையா, நீரா, மண்ணா, விதையா? இவ்வினாவுக்குத் தாவர விஞ்ஞானம் அண்மைக் காலத்தில் தெளிவான விடை கண்டுள்ளது. அவ்விடையையும், அதனைத் தீவகத்தில் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதையும் இக்குறிப்பு விளக்குகின்றது.

1. பரம்பரையலகு என்பது யாது?

மிளகாய்ச் செடியின் இலை, வேர், பூ, காய் யாவும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய கலங்களால் ஆனவை. ஒவ்வொரு கலத்தினுள்ளும் நிறமூர்த்தங்கள் எனப்படும் இழைகள் உள்ளன. மிளகாயில் இவை 12 இணைகள். ஓர் இணையில் ஒன்று தாய்ச் செடியிலிருந்தும் மற்றையது மகரந்தம் தந்த செடியிலிருந்தும் வந்தவை. இவ்விழைகளில் வரிசையாக அமைந்துள்ள கட்டளைகளே பரம்பரையலகுகள் ஆகும். மரபணு என்றும் இவற்றை வழங்குவர்.

2014 ஆம் ஆண்டில் மெக்சிக்கோ நாட்டு மிளகாய் வகை ஒன்றின் நிறமூர்த்தங்கள் முழுவதும் வாசிக்கப்பட்டு வெளியிடப்பட்டன. ஏறக்குறைய 35,000 பரம்பரையலகுகள் அதில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. தக்காளியிலும் எண்ணிக்கை ஏறத்தாழ இதுவே. மிளகாயும் தக்காளியும் கத்தரியும் ஒரே தாவரக் குலத்தைச் சேர்ந்தவை. ஆதலால் தக்காளியில் கண்ட உண்மைகள் பல மிளகாய்க்கும் வழி காட்டியுள்ளன.

2. "குடும்பம்" என்று ஏன் சொல்கிறோம்?

ஒரு வீட்டில் தந்தைக்கு ஐந்து புதல்வர் இருக்கலாம். ஒருவர் வயல் பார்ப்பார். ஒருவர் கடலுக்குப் போவார். ஒருவர் கடை வைப்பார். முகச்சாயல் ஒன்று, தொழில் வேறு. பரம்பரையலகுகளிலும் இதுவே நிகழ்கிறது. மிகப் பழைய காலத்தில் இருந்த ஓர் அலகு பலமுறை படியெடுக்கப்பட்டுப் பெருகியுள்ளது. படிகள் காலப்போக்கில் சிறிது சிறிதாக மாறி வெவ்வேறு வேலைகளை ஏற்றுக்கொண்டன. இவ்வாறு ஒரே மூலத்திலிருந்து வந்த அலகுகளின் கூட்டமே பரம்பரையலகுக் குடும்பம் எனப்படும். ஒரு குடும்பத்தில் இருபதுக்கு மேற்பட்ட உறுப்பினரும் இருத்தல் கூடும்.

இதனை அறிவதால் கமக்காரருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். காயின் உருவம் ஒரே ஓர் அலகின் வேலையன்று. பல குடும்பங்கள் சேர்ந்து செய்யும் வேலை. ஆகவே கலப்பு நேர்ந்த விதையில் உருவம் இரண்டாகப் பிரிவதோடு நில்லாமல் பல விதமாகச் சிதறும். தூய விதையின் பெறுமதி இதனால் விளங்கும்.

3. காயின் உருவை வகுக்கும் குடும்பங்கள்

(அ) நீளத்தைக் கட்டுப்படுத்தும் குடும்பம். 2002 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியாளர் தக்காளியில் "ஓவேற்" என்னும் அலகைக் கண்டறிந்தனர். இது காய் நீளாதபடி தடுக்கும் கடிவாளம் போன்றது. இவ்வலகில் ஒரேயோர் எழுத்து மாறி, கட்டளை இடையில் முறிந்தமையால், உருண்டையான தக்காளி பேரிக்காய் வடிவம் பெற்றது. இக்குடும்பத்து அலகுகள் மிளகாயிலும் உள்ளன. 2011 இல் கிரேக்க நாட்டு ஆராய்ச்சியாளர் உருண்டைக் காய் காய்க்கும் ஒரு மிளகாய் வகையில் ஓவேற் அலகின் செயலை அடக்கிப் பார்த்தனர். அச்செடியின் காய் முன்னிலும் நீண்டு வளர்ந்தது. கடிவாளம் தளர்ந்தால் காய் நீளும் என்பது இதனால் நிறுவப்பட்டது.

மிளகாயில் உருண்டை வடிவம் நீண்ட வடிவத்தின் மேல் ஆட்சியுடையது என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. அப்பண்பும் செடியின் ஊதா நிறத்துக்குரிய அலகும் ஒரே நிறமூர்த்தத்தில் இணைந்து செல்வதை 1959 இல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. அது 10 ஆம் நிறமூர்த்தம் ஆகும். அந்நிறமூர்த்தத்திலேயே ஓவேற் குடும்பத்தின் 20 ஆம் இலக்க உறுப்பினர் மிளகாய்க் காயின் நீட்சியை ஆள்கின்றது என்பதை 2022 இல் இசுரவேல் நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

(ஆ) நீளச் செய்யும் குடும்பம். தக்காளியில் "சன்" என்னும் அலகு 2008 இல் அறியப்பட்டது. நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு படியெடுக்கப்பட்டு வேறிடத்தில் போய்ப் பதிந்தது. அங்கு அவ்வலகு மிகையாக வேலை செய்தமையால் தக்காளி நீண்டு ஒடுங்கியது. ஓவேற் குடும்பம் பிடித்திழுக்க, சன் குடும்பம் நீளத் தள்ளுகிறது. இரண்டும் கலங்கள் எத்திசையில் பிரிந்து பெருக வேண்டும் என்பதோடு தொடர்புடையவை. கலங்கள் நெடுக்காக அடுக்கப்படின் காய் நீளும். குறுக்காக அடுக்கப்படின் காய் அகலும். சுவர் கட்டுவோன் கல்லை எத்திசையில் வைக்கிறானோ அத்திசையில் சுவர் வளர்வது போன்றது இது.

(இ) அறைகளின் எண்ணிக்கை. செத்தல் மிளகாய் வகைகளைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று அறைகள் காணப்படும். குடமிளகாயில் மூன்று அல்லது நான்கு அறைகள் இருக்கும். அறைகள் கூடும்போது காய் தடித்து அகலும். பூ உருவாகும் நுனியின் பருமனை ஆளும் அலகுகளே இதற்குக் காரணம். இலையின் மேற்புறம், கீழ்ப்புறம் என்ற வேறுபாட்டை வகுத்து இலை தட்டையாக விரிய உதவும் "யாபி" என்னும் குடும்பமும் பூவின் உறுப்புகள் அமைவதில் பங்கு கொள்கிறது.

(ஈ) காய் நிற்கும் திசை. காய் கீழ்நோக்கித் தொங்குவதும் மேல்நோக்கி நிற்பதும் பரம்பரைப் பண்பே. தொங்கும் பண்பு ஆட்சியுடையது. நிமிர்ந்து நிற்கும் பண்பு பின்னிடைவானது. தொங்கும் காய் வகை எனக் கொண்ட விதையில் இடையிடையே நிமிர்ந்த காய்ச் செடிகள் தோன்றின், அவ்விதை முன்னரே கலந்திருந்தது என்று அறியலாம்.

இவ்வேலைகள் யாவும் பூவரும்பின் உள்ளே, காயாக வேண்டிய சூலகம் அமையும்போதே தொடங்கிவிடுகின்றன. பூத்தபின் காய் திரளும் நாட்களில் நிறைவு பெறுகின்றன. மலர்ந்த பூவொன்றை எடுத்து இதழ்களை அகற்றி நடுவிலுள்ள பச்சைப் பிஞ்சை நோக்குங்கள். நீள்காய் வகையில் அது சற்று நீண்டும், குடமிளகாயில் தடித்தும் இருப்பதைக் காணலாம். காய் திரண்டபின் இடும் பசளை காயைப் பருக்கச் செய்யுமேயன்றி உருவத்தை மாற்றாது.

4. செடியின் வளர்ச்சியை ஆளும் குடும்பங்கள்

மிளகாய்ச் செடி வளரும் முறையைக் கூர்ந்து கவனியுங்கள். முதல் தண்டு எட்டு முதல் பன்னிரண்டு இலைகள் வரை விட்டு, நுனியில் ஒரு பூவோடு முடிகிறது. அவ்விடத்தில் தண்டு கவடாகப் பிரிகிறது. ஒவ்வொரு கவடும் ஒரு பூவைத் தந்து மீண்டும் பிரிகிறது. இவ்வாறு கவட்டுக்குக் கவடு பூ வைத்துச் செடி தொடர்ந்து வளர்கிறது. பச்சை மிளகாயைப் பல முறை பறிக்க முடிவது இவ்வமைப்பினால் ஆகும்.

பூத்தலையும் வளர்தலையும் சமன் செய்யும் ஒரு குடும்பம் இதனை ஆள்கிறது. 1914 இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு தக்காளித் தோட்டத்தில் தானே வளர்ச்சியை நிறுத்திக் குட்டையாய் நின்ற செடி ஒன்று காணப்பட்டது. கட்டைத் தக்காளி வகைகள் பல அதன் வழிவந்தவை. அதே அலகின் உறவினர் மிளகாயில் பழுதுபடும்போது கவடுகள் தொடர்ந்து வளராமல் பூக்களும் காய்களும் நுனியில் கொத்தாகக் கூடுகின்றன என்பது 2009 இல் நிறுவப்பட்டது. பல முறை பறித்துப் பச்சையாக விற்போருக்குத் தொடர்ந்து கவடு விடும் செடியே ஏற்றது. ஒரே காலத்தில் பழுக்க விட்டுச் செத்தலாக்குவோருக்குக் காய்கள் சேர்ந்து முற்றும் செடி வசதியானது. தாய்ச்செடி தெரியும்போது இதனை மனத்திற் கொள்ளுக.

நெற்செய்கை பண்ணுவோர்க்கு இன்னுமோர் எடுத்துக்காட்டு. மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல்லினங்கள் நெட்டையாக வளர்வன. பசளை கூடினால் சாய்வன. 1966 இல் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.-8 குட்டைத் தாளுடையது. பசளையைத் தாங்கி நின்றது. அக்குட்டைத் தன்மைக்குக் காரணமான அலகு 2002 இல் கண்டறியப்பட்டது. செடியை நெடுக வளரச் செய்யும் கிபரலின் என்னும் வளர்ச்சி ஓமோனை ஆக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. மிளகாயில் ஓவேற் அலகை அடக்கியபோது இதே குடும்பத்தின் ஓர் உறுப்பினரது செயலும் மாறியது என்று முன்னே சொன்ன கிரேக்க ஆராய்ச்சி கூறுகிறது. நெல்லின் தாளும் மிளகாயின் காயும் ஒரே வகையான கட்டளைகளுக்கு அமைந்து வளர்வது வியப்புக்குரியது.

5. உருவம் கெட்டால் விதையையே குறை கூறலாமா?

கூடாது. விதையின் குறை வேறு, பராமரிப்பின் குறை வேறு. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய விதி உண்டு. வேறுபாடு செடிக்குச் செடியா, காய்க்குக் காயா என்று பாருங்கள்.

ஒரே பாத்தியில், ஒரே நீரும் பசளையும் பெற்ற செடிகளுள் சில செடிகள் மட்டும் தமது எல்லாக் காய்களையும் வேறு உருவில் காய்க்குமாயின், குறை விதையில் உள்ளது. ஒரே செடியில் நல்ல காயும் கோணற் காயும் கலந்திருக்குமாயின், குறை வெளியில் உள்ளது. அதனைப் பின்வருமாறு தேடுக.

கோணற் காயை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வளைந்த பக்கத்தில் விதை இல்லையெனில் மகரந்தம் போதிய அளவு சேரவில்லை என்பது பொருள். மிகுந்த வெப்பத்தில் பூத்த பூக்களில் இது நேரும்.

இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, காயின் தோலில் சொரசொரப்பான தழும்பு காணப்படின் பனிப்பூச்சியின் தாக்குதல் எனக் கொள்ளலாம். இலைகள் கீழ்நோக்கிக் கவிழ்ந்து ஒடுங்கின் சிற்றுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும்.

காயின் அடிநுனி கறுத்துக் குழிந்தால், நீர் ஒழுங்கற்றுப் பாய்ந்தமையால் கல்சியம் காய்க்கு எட்டவில்லை என்பது காரணம். உவர் நீர் இக்குறையை மேலும் பெருக்கும்.

எல்லாச் செடிகளிலும் காய் உருவம் சரியாக இருந்து அளவு மட்டும் சிறுத்துக்கொண்டே போனால் கிணற்று நீரைப் பரிசோதிக்கவும். தீவகத்தில் சுண்ணக்கல்லின் இடையே மழைநீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்கியுள்ளது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழுள்ள உவர் மேலெழும். மிளகாய் உவரை ஓரளவே பொறுக்கும். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.5 டெசிசீமன் என்ற எல்லையைக் கடந்தால் விளைச்சல் குறையத் தொடங்கும். அதன்மேல் ஓர் அலகு கூடுந்தோறும் ஏறக்குறைய 14 வீதம் குறையும்.

இக்குறைகளுக்கு விதையை மாற்றுவதால் தீர்வு வராது. அவ்வாறே விதையின் குறைக்குப் பசளையைக் கூட்டுவதால் தீர்வு வராது. நல்ல நீரை அளந்து இறைக்க வேண்டிய தீவகத்தில், தகுதியற்ற விதைக்கு ஒரு போகம் முழுவதும் இறைத்த நீர் திரும்பி வராத நட்டம் ஆகும்.

6. அயற் செடியின் மகரந்தம்

"கறிமிளகாய்க்குப் பக்கத்தில் பச்சை மிளகாய் நட்டால் கறிமிளகாயும் உறைக்கும், உருவமும் மாறும்" என்று பலர் கூறுவர். இது பாதி உண்மை. பூவில் அயல் மகரந்தம் விழுந்தாலும் அப்பூவில் உண்டாகும் காயின் சதை தாய்ச் செடியின் உடம்பே. ஆகவே இப்போகத்துக் காயின் உருவமும் உறைப்பும் மாறா. மாறுவது அக்காயினுள் இருக்கும் விதை. அவ்விதையை எடுத்து அடுத்த போகம் நட்டால் அப்பொழுதே கலப்பு வெளிப்படும்.

இக்காரணத்தால் காயைப் பார்த்து விதையின் தூய்மையைச் சொல்ல முடியாது. சந்தையில் அழகாகத் தோன்றிய காயிலிருந்து எடுத்த விதை ஏமாற்றுவதும் இதனாலேயே.

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே பெரும்பாலும் கருக்கொள்ளும். ஆயினும் தேனீக்கள் செடி விட்டுச் செடி செல்வதால் அயன் மகரந்தச் சேர்க்கையும் நிகழ்கிறது. 1941 இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையில் இது கணிசமான அளவில் காணப்பட்டது. இதனாலேயே இந்திய விதைச் சான்று நியமங்கள் ஒரு மிளகாய் வகைக்கும் மற்றொன்றுக்கும் இடையே மூல விதைக்கு 400 மீற்றரும், சான்று விதைக்கு 200 மீற்றரும் இடைவெளி வேண்டும் என்று விதித்துள்ளன.

7. கலப்பின விதையைச் சேமிக்கலாமா?

கடையில் வாங்கும் கலப்பின விதை இரண்டு தூய வழிகளை மனிதர் கையால் இணைத்துப் பெற்றது. முதல் தலைமுறையில் எல்லாச் செடிகளும் ஒன்றுபோல் நின்று நன்றாகக் காய்க்கும். அதிலிருந்து விதை எடுத்து நட்டால், உள்ளே மறைந்திருந்த பண்புகள் பிரிந்து வெளிப்படும். ஒரேயோர் அலகினால் ஆகும் பண்பாயின் நான்கு செடிகளில் ஒன்று பின்னிடைவான பண்பைக் காட்டும். 1866 இல் மெண்டல் என்பார் பட்டாணியிற் கண்டு வெளியிட்ட விதி இது. இரண்டு அலகுகளாயின், இரண்டிலும் பின்னிடைந்த செடி 16 இல் ஒன்று. மூன்றாயின் 64 இல் ஒன்று. காயின் உருவத்தில் பல குடும்பங்கள் பங்கு கொள்வதால் பாத்தி முழுவதும் நெடியதும் குறுகியதும் தடித்ததும் கூரியதுமாய்க் காணப்படும்.

மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட எம்.ஐ.சி.எச்.எச்.வை.-1 இவ்வகைக் கலப்பினம் ஆகும். அதனை நடுவோர் ஒவ்வொரு முறையும் புதிய விதை வாங்குதல் வேண்டும். எம்.ஐ.-1, எம்.ஐ.-2, கே.ஏ.-2 முதலியன நிலைபெற்ற வகைகள். இவற்றின் விதையைத் தக்க பாதுகாப்போடு நாமே எடுத்து வைக்கலாம். விதைப் பொதியை வாங்கும்போது கலப்பினமா அன்றா என்று கேட்டறிந்து, பொதியின் உறையை அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துக.

8. கடலே நமக்கு வேலி

பெருநிலத்துத் தோட்டங்களில் 400 மீற்றர் இடைவெளி காண்பது அரிது. ஒருவர் வேலிக்கு அப்பால் மற்றொருவர் வேறு வகை நட்டிருப்பார். தீவகத்துக்கோ இயற்கை ஒரு வாய்ப்பைத் தந்துள்ளது. குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்ல வேண்டிய நயினாதீவையும் நெடுந்தீவையும் எண்ணிப் பாருங்கள். இடையிலுள்ள கடல் நியமம் கேட்கும் தூரத்திலும் பன்மடங்கு அகன்றது. அனலைதீவும் எழுவைதீவும் அவ்வாறே. விதையும் பசளையும் படகில் வருவதால் செலவு கூடுகிறது என்று நாம் வருந்துகிறோம். அதே கடல் அயல் மகரந்தத்தையும் தடுத்து நிற்கிறது.

ஆனால் தீவினுள்ளேயே பலர் பல வகை நடுவாராயின் இவ்வாய்ப்பு வீணாகும். ஆகவே சிறு தீவுகளில் கமக்காரர் சங்கம் கூடி, ஒரு போகத்தில் விதைக்கென ஒரே மிளகாய் வகையை நடுவதெனத் தீர்மானித்தல் நன்று. கறிமிளகாய் நட விரும்புவோர் அதனை விதைத் தோட்டத்திலிருந்து குறைந்தது 400 மீற்றர் அப்பால் நடுதல் வேண்டும். வீட்டு முற்றத்தில் நிற்கும் ஓரிரு மிளகாய்ச் செடிகளையும் இக்கணக்கில் சேர்க்க மறத்தலாகாது. வேலணை, புங்குடுதீவு, காரைநகர் போன்று தாம்போதிகளால் இணைந்த பெரிய தீவுகளில், கிராமத்துக்கு ஒரு மூலையில் விதைத் தோட்டம் வைக்கலாம்.

ஒரு குடும்பம் ஓரிரு போகம் நிலத்தை விட்டு அகன்றாலே விதைப் போத்தல் வெறுமையாகும். 1990 களில் தீவக மக்களின் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்திருந்ததை நாம் மறக்கவில்லை. ஒருவர் வீட்டில் அழிந்தாலும் மற்றொருவர் வீட்டில் நிலைக்கும்படி விதையைப் பகிர்ந்து வைத்தல் கிராமத்துக்கே காப்பாகும்.

9. விதை எடுக்கும் முறை

1. தாய்ச்செடி தெரிவு: பூக்கத் தொடங்கியதும் ஒரு முறையும், முதற் காய் முற்றியதும் ஒரு முறையும் தோட்டத்தைச் சுற்றி வருக. நோயற்று, வகைக்குரிய உருவில் எல்லாக் காய்களும் ஒத்திருக்கும் செடிகளில் நிறத்துணி கட்டுக. குறைந்தது 20 முதல் 30 செடிகள் வரை தெரிதல் நன்று. ஒரே செடியின் விதையை மட்டும் நம்பினால் வகையின் வலிமை குறுகும்.

2. கலவன் நீக்கல்: நெல்லில் கலவன் பிடுங்குவது போல, காயின் உருவம், காய் நிற்கும் திசை, தண்டின் நிறம் ஆகியவற்றில் வேறுபட்ட செடிகளைப் பூக்கும் காலத்திலேயே விதைத் தோட்டத்திலிருந்து அகற்றுக. அவற்றின் காயைச் சமையலுக்குக் கொள்ள விரும்பின் வேறிடத்தில் நடுக.

3. வலையிடல்: இடைவெளி போதாத இடத்தில், தெரிந்த செடிகளைப் பூ விரியுமுன் நுளம்பு வலையால் மூடிக் கட்டுக. கட்டுமுன் விரிந்த பூக்களையும் பிஞ்சுகளையும் கிள்ளிவிடுக. காலையில் செடியை மெதுவாக அசைத்தால் தன் மகரந்தம் பூவிலே சேரும். போதிய காய் பிடித்ததும் வலையை எடுத்து, அக்காய்களின் காம்பில் நூல் கட்டி அடையாளம் இடுக.

4. காய் பறித்தல்: இரண்டாம், மூன்றாம் பறிப்பில் வரும் திரண்ட காய்களை நன்றாகச் சிவக்க விட்டுப் பறிக்குக. நோய்ப்புள்ளி உள்ள காயைத் தவிர்க்குக. செடிக்கு ஐந்தாறு காய் போதும். ஒரு பரப்புக்கு ஏறக்குறைய 25 கிராம் விதை தேவைப்படும்.

5. உலர்த்தல்: காய்களை நிழலில் சில நாள் வைத்துப் பின் உலர்த்திப் பிளந்து விதையை எடுக்குக. கைக்கு உறை அணிக, கண்ணைத் தொடாதிருக்குக. விதையைத் துணியில் அல்லது பாயில் பரப்பி இளவெயிலில் உலர்த்துக. நடுப்பகலில் சீமெந்துத் தரையிலோ தகரத்திலோ உலர்த்தினால் முளை கருகும். வளைத்தால் ஒடியும் பதம் வருதல் வேண்டும்.

6. சேமித்தல்: உலர்ந்த போத்தலின் அடியில் வறுத்து ஆறிய அரிசியைச் சிறிதளவு இட்டு, அதன்மேல் துணிப் பொட்டலத்தில் விதையை வைத்துக் காற்றுப் புகாமல் மூடுக. வகையின் பெயர், பறித்த மாதம், ஆண்டு ஆகியவற்றை எழுதி ஒட்டுக. தீவகக் காற்றில் ஈரமும் உப்பும் மிகுதி. திறந்த பாத்திரத்தில் வைத்த விதை விரைவில் முளைதிறன் இழக்கும்.

7. முளைதிறன் பார்த்தல்: நாற்று மேடைக்கு மூன்று கிழமை முன்னர் 100 விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்து, இரண்டு கிழமையில் முளைத்தவற்றை எண்ணுக. குறைவின் அளவுக்கேற்ப விதையைக் கூட்டி இடுக.

10. வரிசைச் சோதனை

நமது விதை தூயதா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஐந்து தாய்ச்செடிகளின் விதையை ஐந்து பொட்டலங்களாகத் தனித்தனியே வைத்திருங்கள். அடுத்த போகத்தில் ஒரு தாய்ச்செடிக்கு ஒரு வரிசையாக, வரிசைக்கு 20 செடிகள் நடுங்கள். ஐந்து வரிசைக்கும் நீரும் பசளையும் ஒன்றே.

காய்க்கும்போது ஒரு வரிசையில் எல்லாச் செடிகளும் ஒரே உருவில் காய்த்தால் அதன் தாய் தூயது. வேறு வரிசையில் உருவம் பலவாறு சிதறினால் அதன் தாய் கலப்பானது. பார்வைக்கு எவ்வளவு அழகாய் இருந்திருந்தாலும் அதனைக் கைவிடுதல் வேண்டும். தூய வரிசைகளின் விதையைச் சேர்த்துப் பெருக்குக. கலப்பான செடியிலும் விரும்பிய பண்பு இருப்பின், வலையிட்டுத் தன் மகரந்தத்தால் விதை எடுத்து ஆண்டுதோறும் தெரிந்து வரலாம். ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு ஏறக்குறைய பாதியாகும். ஆறு தலைமுறையில் 64 இல் ஒரு பங்கே எஞ்சும். பொறுமையுள்ள கமக்காரர் தமது மண்ணுக்கும் நீருக்கும் ஏற்ற வழியொன்றை இவ்வாறு தாமே உண்டாக்கிக்கொள்ளலாம். உவர் சற்று ஏறிய கிணற்றடியில் பிற செடிகள் வாட, தாக்குப்பிடித்து நன்கு காய்க்கும் செடியைக் கண்டால் அதன் விதையைத் தனியே எடுக்கத் தவறாதீர்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

காயின் உருவம் விதையில் எழுதப்பட்டது. பசளையும் நீரும் அளவை மட்டுமே கூட்டும்.

வேறுபாடு செடிக்குச் செடியாயின் விதையை நோக்குக. காய்க்குக் காயாயின் பராமரிப்பை நோக்குக.

அயல் மகரந்தத்தின் விளைவு இப்போகத்துக் காயில் தோன்றாது. அடுத்த போகத்துச் செடியில் தோன்றும்.

கலப்பின மிளகாயிலிருந்து விதை எடுத்து நடுதல் ஆகாது.

சிறு தீவுகளில் ஒரு போகத்துக்கு ஒரு விதை வகை என்ற ஒற்றுமை இருந்தால் கடலே வேலியாகும்.

தாய்ச்செடி தெரியும் நாளில் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைத் தோட்டத்துக்கு அழையுங்கள். கிணற்று நீர்ப் பரிசோதனை, நிலைபெற்ற வகைகளின் மூல விதை ஆகியவை பற்றிய விபரங்களைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டறியலாம். நாற்று மேடை இடுவதற்கு முன்னதாகவே விதை பற்றிய தீர்மானத்தைச் செய்துகொள்ளுங்கள்.